மைலேஜ் குறைந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதா, கிடப்பதை எடுத்துத் திருத்துவதா? மட்டக்களப்பிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசையோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் மீற்றர் எண்ணைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். "அண்ணன், முப்பதாயிரம் மைல்தான் ஓடியிருக்கு." நான் திருப்பிக் கேட்பது, இவ்வளவு காலமும் அது எங்கே நின்றது என்று. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு கீற்றுப்போலக் கிடக்கிற நம் பக்கத்தில், கல்லடியிலிருந்து காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும், காரைத் தின்பது ஓட்டம் இல்லை, நிற்பதுதான்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். 2016இல் பண்டாரவளையில் 1965ஆம் ஆண்டு எம்ஜி மிட்ஜெட் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். மீற்றரில் 31,000 மைல். "ஐயா இதைக் கோயிலுக்கு மட்டும்தான் தம்பி எடுத்தவர்" என்று வீட்டுக்கார அம்மா சொன்னார், அது பொய்யும் இல்லை. பதுளையிலிருந்து இறங்கி, லுணுகலை வளைவுகளில் பிரேக்கை மிதித்து மிதித்து வந்தால், பிபிலையில் முன்சில்லு இரண்டும் கொதிக்கின்றன. காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. நாற்பது வருட ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, மிதிக்கும்போது ஒயிலை விட்டது, திரும்பி வர விடவில்லை. அன்று செங்கலடி வந்துசேர இரவு பதினொரு மணி. அதற்குச் சில வருடம் கழித்து என் மச்சான் கல்முனையில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த இன்னொரு மிட்ஜெட்டை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். ஆக, இரண்டு வழியையும் ஒரே குடும்பத்தில் பார்த்தாயிற்று. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: எந்தக் கார் என்று முடிவெடுங்கள்

பெயருக்காக வாங்காதீர்கள், இங்கே யாருக்குக் கை பழக்கமோ அதை வாங்குங்கள். எம்ஜி மிட்ஜெட், அதன் இரட்டைப் பிறவியான ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் இரண்டிலும் இருப்பது ஏ சீரிஸ் இஞ்சின். மொறிஸ் மைனரிலும் பழைய மினியிலும் இருப்பது அதே குடும்பம்தான். 1961இல் மிட்ஜெட் 948 சீசீயோடு வந்தது, அடுத்த வருடம் 1098, 1966இல் 1275. 1974க்குப் பிறகு வந்தவற்றில் ட்ரயம்ப் ஸ்பிற்பயரின் 1493 சீசீ இஞ்சின், அது வேறு சாதி. ஸ்டியரிங் றாக் மொறிஸ் மைனரிலிருந்து வந்தது, முன் சஸ்பென்ஷன் ஒஸ்ரின் ஏ35இலிருந்து. மொறிஸ் மைனரைப் பிரித்துப் பூட்டின ஒரு வயதான மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால், மிட்ஜெட்டின் பாதியை அவருக்கு ஏற்கனவே தெரியும்.

எம்ஜிபி பெரிய கார், 1798 சீசீ, 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதனால் பாட்ஸ் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. இதைவிட அபூர்வமான கார்கள் கொழும்புக்காரருக்கு. கண்ணாடி ஒன்று உடைந்தால் ஒரு வருடம் காத்திருக்க உங்களால் முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: காரைப் பார்க்கும் முன் புத்தகத்தைப் பாருங்கள்

இந்த இடத்தில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். பதிவுப் புத்தகத்தில் இருக்கிற பெயரும், உங்கள் முன்னால் நிற்கிற ஆளும் ஒன்றா? நம் நாட்டில் 'ஓபன் பேப்பர்' பழக்கம் ஒரு நோய். முதல் சொந்தக்காரர் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு லண்டனுக்கோ கனடாவுக்கோ போயிருப்பார், அந்தத் தாள் நான்கு கை மாறியிருக்கும், கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. அப்படியான காரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எனக்கு வேண்டாம். பெயர் மாற்றிக் கொடுத்த பிறகுதான் முழுக் காசும் என்று பேசுங்கள்.

அப்புறம் சேசிஸ் இலக்கம், இஞ்சின் இலக்கம். தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மிட்ஜெட் என்றால் சேசிஸ் இலக்கம் ஜீ-ஏ-என் என்று தொடங்கும், எம்ஜிபி திறந்த கார் என்றால் ஜீ-எச்-என், கூரை உள்ள ஜீரி என்றால் ஜீ-எச்-டி. டட்சன், ரொயோட்டா இஞ்சின் ஏற்றிய பழைய ஆங்கிலேயக் கார்கள் இலங்கையில் நிறைய. ஓடுவதற்கு அது நல்லது, ஆனால் விலை பேசும்போது அது 'ஒறிஜினல்' இல்லை, மாற்றத்தைப் புத்தகத்தில் பதியாமல் விட்டிருந்தால் தலையிடியும் உங்களுக்குத்தான். நிறம் மாற்றியிருந்தாலும் அப்படியே. இங்கிலாந்தில் கேடன் என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் எம்ஜி, ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் உங்கள் சேசிஸ் இலக்கத்துக்குரிய கார் எப்போது செய்யப்பட்டது, முதலில் என்ன நிறம், எந்த இஞ்சின் இலக்கம் என்று சான்றிதழ் அனுப்புவார்கள். விலை பெரிதென்றால் அந்தச் செலவு வீண் இல்லை.

சிங்கள எழுத்தில் ஸ்ரீ என்று பொறித்த பழைய இலக்கத் தகடு அப்படியே இருந்தால் இப்போது அதற்கே தனி மதிப்பு. அந்தச் சிங்கள எழுத்துக்கு எதிராக 1958இல் வடக்கிலும் கிழக்கிலும் போராட்டம் நடந்தது, இன்றைக்கு அதே தகட்டுக்காகக் கூடுதல் காசு கேட்கிறார்கள். சரி, அது வேறு கதை.

மூன்றாவது படி: 'மைலேஜ் குறைவு' என்பதைச் சோதியுங்கள்

அந்தக் கால மீற்றரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் திரும்பச் சுழியம். ஆகவே 31,000 என்பது 1,31,000 ஆகவும் இருக்கலாம், மீற்றர் கேபிள் அறுந்து பத்து வருடம் ஓடியதாகவும் இருக்கலாம். கிளச், பிரேக் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள், வரி தேய்ந்திருக்கிறதா, அல்லது சந்தேகம் வரும்படி புத்தம்புதிதாக இருக்கிறதா. சாரதிப் பக்கக் கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பாருங்கள், ஆடினால் அந்தக் கதவு ஆயிரக்கணக்கில் திறந்து மூடப்பட்ட கதவு. சாரதி சீற்றையும் மற்றச் சீற்றையும் ஒப்பிடுங்கள். பழைய சேர்விஸ் துண்டுகள், வரி அனுமதிப்பத்திரங்கள் வீட்டில் கிடந்தால் கேட்டு வாங்குங்கள், ஒரு டப்பாவில் கட்டி வைத்திருக்கிற குடும்பம் என்றால் காரையும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

மைலேஜ் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். சந்தோசப்பட ஒன்றும் இல்லை, இனித்தான் வேலை. நின்ற காரில் பழுதாவது ரப்பரும் திரவமும். பிரேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். பெற்றோல் காபரேற்றருக்குள் பிசினாகக் காய்ந்திருக்கும். கிளச் தட்டு பிளைவீலோடு ஒட்டியிருக்கும். ரயரில் வரி ஆழமாக இருக்கும், ஆனால் பக்கத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். ரயரின் வயதைக் கண்டுபிடிக்க, பக்கவாட்டில் உள்ள இலக்க வரிசையின் கடைசி நான்கைப் பாருங்கள்: 1814 என்றால் 2014இன் 18ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தியது, அந்த ரயரில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வர நினைக்காதீர்கள்.

இதெல்லாம் பயப்படுத்துகிற பட்டியல் இல்லை. இவை அத்தனையும் சேர்ந்தாலும் காசு கொடுத்து மாற்றக்கூடியவை, மட்டக்களப்பிலேயே செய்யக்கூடியவை. பயப்பட வேண்டியது பாடித் தகட்டுக்கு.

மிட்ஜெட்டுக்கும் எம்ஜிபிக்கும் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிக் கூடுதான் சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடுகிற சில் என்ற பெட்டிப்பகுதிதான் காரைத் தாங்குகிறது. அது உக்கியிருந்தால் கார் நடுவில் மடியும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். சில் முழுவதும், முன்மட்காட்டின் கீழ்ப்பகுதி, கதவின் அடி, ரயருக்கு மேல் வளைவு எல்லாம் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் கீழே இருப்பது தகடு இல்லை, ஓட்டையை நிரப்பப் பூசுகிற கட்டலோய். அப்புறம் சீற்றைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, டோர்ச் அடித்துத் தரையைப் பாருங்கள், பின் ஸ்பிறிங் வந்து பூட்டுகிற இடத்தைக் கட்டாயம் பாருங்கள், மிட்ஜெட்டில் அடிக்கடி உக்குகிற இடம் அது. கடைசியாக ஜக் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். மூட மறுத்தால் பேச்சை முடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

நம் மாவட்டங்களில் நின்ற கார் என்றால் இன்னும் இரண்டு கேள்வி. 2004 டிசம்பர் 26இல் அது எங்கே நின்றது? 2011 ஜனவரியில் வெள்ளம் வந்தபோது எங்கே நின்றது? ஹெட்லைற்றைக் கழற்றி அதன் கிண்ணத்துக்குள் பாருங்கள், டாஷுக்குப் பின்னால் கையை விட்டு வயர் நுனிகளைப் பாருங்கள். காய்ந்த சேறு கோடாக நின்றால் வெள்ளம், வயர் நுனியில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால் உப்புத்தண்ணி. கழுவிப் பெயின்ற் அடித்து விற்பவர்கள் வெளியைக் கழுவுவார்கள், ஹெட்லைற் கிண்ணத்தை யாரும் கழுவுவதில்லை.

என் பண்டாரவளைக் கார் பிரேக்கில் என்னைக் கேவலப்படுத்தினாலும், அதன் சில் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தது. மலையில் மழை உண்டு, உப்பு இல்லை. வாங்கியதற்கு நான் வருத்தப்படாத காரணம் அதுதான்.

நான்காவது படி: இஞ்சினை எழுப்பும் முறை

விற்கிறவர் "ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டா" என்று ஓடி வருவார். பல வருடம் நின்ற இஞ்சின் என்றால் தடுத்துவிடுங்கள். முதலில் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு கரண்டி ஒயில் விட்டு, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் நாலாவது கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், இஞ்சின் சுற்றினால் நல்ல செய்தி. அப்புறம் புது ஒயில், புது பில்டர். பெற்றோல் தாங்கியைக் கழுவி, காபரேற்றரைப் பிரித்துச் சுத்தம் செய்து, பிளக் இல்லாமலேயே ஸ்டாட்டரைச் சுற்றி ஒயில் பிறஷர் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் பிளக்கைப் பூட்டுவது.

பற்றறி கொடுக்கும்போது கவனம். 1967க்கு முந்திய இந்தக் கார்களில் பலவற்றுக்குப் பொசிற்றிவ்தான் பாடியில் பூட்டப்பட்டிருக்கும், இப்போதைய காருக்கு நேர்மாறு. பக்கத்தில் ஒரு வானை நிறுத்தி அவசரத்தில் வயர் கொடுத்துப் புகை வந்த கதைகள் உண்டு.

எழும்பிய பிறகு நான்கு சிலிண்டரின் கொம்பிரஷனையும், அதாவது உள்ளே ஏறுகிற அழுத்தத்தையும், அளந்து பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கிறதா என்பதுதான் முக்கியம், ஒன்று மட்டும் பத்து வீதத்துக்கு மேல் விழுந்தால் வால்வோ றிங்கோ. வால்வைச் சந்தேகிக்க இன்னொரு காரணம் இருக்கிறது. இந்த இஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தவை, இலங்கையில் அது 2002இல் நின்றது. ஈயம் இல்லாமல் நீண்டதூரம் வேகமாக ஓடினால் எக்ஸ்ஹோஸ்ற் வால்வு இருக்கை தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கி, டப்பெற் இடைவெளி தானாகக் குறையும். ஹெட்டைக் கழற்றி, கடினமான இருக்கை பதிப்பது நல்ல லேத் உள்ள எந்த ஊரிலும் செய்யக்கூடிய வேலை. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் இதற்கு அவசரப்படத் தேவையில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது ஒன்று: பழைய மிட்ஜெட்டில் முதல் கியருக்கு, கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கிற சின்க்ரோ இல்லை. உருளும்போது முதலாவதைப் போட்டால் கறகற என்னும். அது பழுது இல்லை, அதைச் சொல்லி விலை குறைக்கப் பார்த்தால் விற்பவர் உங்களைத் தெரியாதவர் என்று முடிவுகட்டிவிடுவார்.

வீட்டுக்கு ஏற்றிக்கொண்டுதான் வாருங்கள். ஓட்டிக்கொண்டு வராதீர்கள். முதல் வாரமே பிரேக் ஹோஸ், சிலிண்டர் ரப்பர், தண்ணி ஹோஸ், பெற்றோல் ஹோஸ், ஐந்து ரயர் எல்லாவற்றையும் மாற்றுவதற்கான காசை, வாங்கும் விலையோடு சேர்த்தே ஒதுக்கி வையுங்கள். நான் அதை ஒதுக்கவில்லை.

ஐந்தாவது படி: திருத்தும் வழியைத் தேர்ந்தால்

இங்கிலாந்துக்காரர் எழுதுகிற புத்திமதி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: காசு கூடப் போனாலும் நல்ல காராக வாங்கு, திருத்தாதே. அவர்களுக்கு அது சரி, ஏனென்றால் அங்கே கூலிதான் ஆளைக் கொல்லும். இங்கே கணக்கு மாறுகிறது. கூலி நமக்குத் தாங்கும், பாட்ஸ்தான் தாங்காது. பவுணில் விலை, அதற்கு மேல் கப்பல் செலவு, அதற்கு மேல் தீர்வை. மச்சான் தன் காரின் சாமானில் பாதியை 2021இல் எடுத்தார், மீதியை அடுத்த வருடம் எடுக்கலாம் என்று விட்டார். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மீதிப் பாதி முதல் பாதியைவிடப் பெரிதானது.

ஆகவே திருத்துவதற்குக் கார் தேடும்போது என் அளவுகோல் வேறு. வாங்கி ஓட்டுவதென்றால் தகடு முதலில். திருத்துவதென்றால் சாமான் முழுமையாக இருக்கிறதா என்பது முதலில். தகட்டை இங்கே வெட்டி ஒட்டலாம். கண்ணாடிச் சட்டம், ஹூட் என்ற மடிக்கும் துணிக்கூரையின் கம்பி, மீற்றர்கள், பம்பர், கதவுப் பூட்டு, கிறில், இவற்றை யாரும் இங்கே செய்து தரமாட்டார்கள். கொழும்பில் பழைய பாட்ஸ் விற்கிற பஞ்சிகாவத்தையில் அலைந்தாலும் மொறிஸ் மைனருக்குப் பொதுவானதுதான் அகப்படும், மிட்ஜெட்டுக்கே உரியது அகப்படாது. "நல்ல பாடி, கண்ணாடிச் சட்டம் மட்டும் இல்லை" என்று சொல்கிற காரைவிட, துருப்பிடித்து எல்லாம் இருக்கிற கார் நமக்கு லாபம்.

கழற்றும் முன் படம் எடுங்கள், கழற்றும்போது படம் எடுங்கள், ஒவ்வொரு நட்டுத் தொகுதியையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று மச்சான் சொன்னார். மூன்று வருடம் கழித்து, ஒரு மீன்பெட்டி நிறைய நட்டுகளுக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெல்டிங்கில் ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லுகிறேன், மற்றது டிங்கர் வேலைக்காரருக்குத் தெரியும்: கதவுக்குக் கீழே உள்ள சில் பெட்டியை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்ட விடாதீர்கள். முதலில் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து இறுக்கி, காரைச் சமமாக நிறுத்தி, ஒரு பக்கத்தை முடித்து, கதவைப் பூட்டி இடைவெளி பார்த்த பிறகுதான் மற்றப் பக்கம். மச்சானின் காரை முதலில் எடுத்த கராச்சில் இரண்டையும் வெட்டிவிட்டார்கள், கார் ஒரு விரல் மடிந்தது. அதை நிமிர்த்தி எடுக்க இன்னொரு இடத்தில் எட்டு மாதம்.

பெயின்ற் வேலைக்கு மாதம் பாருங்கள். நம் பக்கத்தில் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் அடிக்கக் கூடாது, ஈரம் பெயின்றுக்குக் கீழே மாட்டிக்கொண்டு ஆறு மாதத்தில் கொப்புளமாக எழும்பும். வைகாசிக்குப் பிறகு பெயின்ற் நன்றாகக் காயும், ஆனால் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். அதனால் திறந்த கொட்டிலில் செய்கிற ஆள் என்றால் தறப்பாள் கட்டி, தரையில் தண்ணி தெளித்து, விடியற்காலையில் காற்று எழும்பும் முன் அடிக்கச் சொல்லுங்கள். வெறும் தகட்டை ஒரு இரவுகூட அப்படியே விடவேண்டாம், காலையில் செம்மஞ்சள் பூத்திருக்கும். உள்பெட்டிகளுக்குள் பழைய இஞ்சின் ஒயில் ஊற்றுவது இங்கே வழக்கம், கெட்ட வழக்கம் இல்லை, ஆனால் ரப்பரில் பட்டால் ஊதிப்போகும். மெழுகு கிடைத்தால் மெழுகே நல்லது.

வயறிங், இருக்கை, ஹூட் துணி மூன்றுக்கும் இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அதில் பெரிய பிரச்சினை வராது.

கணக்குப் போடுங்கள்

ஒரு கொப்பியில் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் ஓடும் காரின் விலை, பெயர் மாற்றச் செலவு, ஏற்றிவரும் கூலி, முதல் வாரச் சாமான். மற்றப் பக்கத்தில் கிடக்கும் காரின் விலை, வெளியிலிருந்து எடுக்கும் பாட்ஸ், தகட்டு வேலை, பெயின்ற், மீதி. இரண்டாவது பக்கக் கூட்டுத்தொகையோடு அதன் பாதியை இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள், காலத்தை இரட்டிப்பாக்குங்கள். மச்சான் இரண்டு வருடம் என்றார், நான்கானது. அப்படிச் சேர்த்த பிறகும் இரண்டாவது பக்கம் குறைவாக வந்தால் திருத்துங்கள். பெரும்பாலும் வராது. வராவிட்டாலும், மாலையில் கொட்டிலுக்குள் லைற் போட்டுக்கொண்டு இஞ்சினோடு உட்கார்ந்திருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது என்றால் அதைச் செலவில் எழுதாதீர்கள்.

எனக்குப் பிடித்தது நடுவழி. மைலேஜைப் பற்றி வாய் திறக்காமல், மலைநாட்டிலோ உள்நாட்டிலோ நின்ற, தகடு நல்ல, 60,000 அல்லது 80,000 மைல் ஓடிய, தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிற காரைத் தேடுவது. மைல் கூடியதால் விலை குறையும், ஓடிக்கொண்டிருந்ததால் ரப்பர் உயிரோடு இருக்கும். அதை ஓட்டிக்கொண்டே, ஒரு வருடம் பிரேக், அடுத்த வருடம் ஹெட், அடுத்தது சீற் என்று ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முழுதாக மூடுகிற பிளாஸ்ரிக் உறை போடாதீர்கள், உள்ளே வேர்க்கும். காற்றோட்டமான கொட்டில், சீமெந்துத் தரை, துணி உறை போதும். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணியால் அடியைக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணி உவர் என்றால் குழாய்த் தண்ணி. பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், முன்சில்லுக் கிங்பின்னுக்குக் கிறீஸ் மறக்க வேண்டாம், மிட்ஜெட்டில் அதை மறந்தவர்களின் காரில்தான் சில்லு மேலும் கீழும் ஆடும். கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவதில் பிரயோசனம் இல்லை, சூடேறாத இஞ்சினில் தண்ணிதான் சேரும். நான் ஞாயிறு காலையில் கல்லடிப் பாலத்தால் இறங்கி களுவாஞ்சிக்குடி வரைக்கும் போய்த் திரும்புவேன். போக வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், சூட்டு மீற்றர் நடுவில் நிற்கும், பிரேக் ஒவ்வொரு சந்தியிலும் பிடித்து ஒவ்வொரு சந்தியிலும் விடும்.